நாலு முனை

விசைப்படகுக்குத் தண்டு கடையும் லேத்தில்
ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஸ்டிக் கடைவான் ரெமிஜியஸ்.
தங்கச்சிமடம், ஐஸ் பேக்டரிக்குப் பின்சந்து.
பகலெல்லாம் இரும்புச் சுருள் விழுந்த தரையில்
அப்புறம் மரச்சுருள் விழும்.

போனை நீட்டினான்.
பச்சைக் கண்ணோடு ஒரு டிராகன்.
மின்னல். மண்டையோடு.
மரமே இல்லாத கறுப்புக் குழாய் ஒன்று;
“கார்பன்” என்றபோது குரல் தானாய்த் தாழ்ந்தது.
“கீழக்கரையில எவன்கிட்டயும் கிடையாது.”

எவனிடமும் இல்லாதது எனக்கு எதற்கு?
நாலு முனை போடு என்றேன்.
கைப்பிடி கருங்காலி, மேலே மேப்பிள்,
இடையில் நூலளவு சிவப்பு.
பிடிக்குப் பருத்தி நூல், இணைப்புக்குப் பித்தளை.

“உப்புக்காத்துல களிம்பேறும்.”
ஏறட்டும். துடைத்துக்கொள்கிறேன்.

“ஆயிரம் பேரு போட்ட டிசைன்டா.”
ஆமாம்.
ஆயிரம் பேர் தோளில் சாய்த்துக்கொண்டு
தங்கள் முறைக்குக் காத்திருந்த டிசைன்.

அன்றைக்கு இதற்குமேல் சொல்ல வரவில்லை.
கனத்த மரத்தை லேசான மரத்தோடு
வெட்டி ஒட்டினால் அடி தாங்காது.
ஒன்றை நாலு பல்லாய்ச் சீவி
மற்றதன் வயிற்றுக்குள் இறக்க வேண்டும்.
கூர்கூராய் வெளியே தெரிவது
இரண்டும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் இடம்.
டிராகன் எதைப் பிடித்திருக்கிறது?

கருங்காலி என்றால் ஊரில் வசவு.
ஸ்டிரைக் அன்று கடலுக்குப் போனவனை
ரெமிஜியஸே அப்படித்தான் ஏசுவான்.
அதே வாயால் தூளை ஊதிவிட்டுச் சொன்னான்:
“நல்ல கட்டைடா. ஒரு முடிச்சு இல்ல.”

ஏழு வாரம் கழித்து, ஐப்பசி மழையில், கைக்கு வந்தது.
முனை நாலில் ஒன்று மயிரிழை குட்டை.
அவன் காட்டவில்லை.
நான் கேட்கவில்லை.

வாடை வந்தால் ஜெட்டி ரோட்டுக் கிளப்பில்
மேசைத் துணி ஈரம் குடிக்கும்,
பந்து மணலில் நடப்பதுபோல் நடக்கும்.
ஷார்ஜாவிலிருந்து வந்து நாலே நாளான
நெய்னா முகம்மது உறையை உருவினான்:
நீல டிராகன், வால் பிடிவரை.
பையன்கள் மொய்த்தார்கள்.
ஒருவன் மட்டும் என் பக்கம் திரும்பி,
“கிளப் ஸ்டிக்கா, காக்கா?”

குனிந்தால் முனைகள் கண்ணுக்குப் படாது,
தாடைக்குப் பின்னால் போய்விடும்.
அவன் டிராகனும் அப்படித்தான்.
மூன்று பந்து போட்டேன். நாலாவது
பையின் உதட்டில் நின்று யோசித்து, நின்றேவிட்டது.

அப்புறம் நெய்னா நிறுத்தவேயில்லை.
தோற்கிறவனுக்குத்தான் ஸ்டிக்கைப் பார்க்க நேரம்.
பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் குறுக்காக அது,
டியூப்லைட்டில் சிவப்பு நூல் நாலு தரம் ஏறி இறங்கியது.
குட்டை முனையைப் பெருவிரலால் தேடினேன்.
மேடில்லை, பள்ளமில்லை.
கண் சொன்னதை விரல் ஒப்பவில்லை.
இன்னொரு முறை தடவினேன்.

எட்டாம் பந்து விழுந்த சத்தம் கேட்டது.