பச்சை என்றுதான் சொல்கிறார்

வூச் நகரத்து நிலவறையில்
வெள்ளரி ஊறும் ஜாடிகளுக்கும்
போன குளிருக்கு வாங்கி மிஞ்சிய நிலக்கரிக்கும் நடுவே
நான்கு டிரம்களை நிறுத்தியிருக்கிறேன்.
பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூட இல்லை.
ரயிலுக்கு நிற்பவர்கள் மாதிரி
ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு.

பாஸ் டிரம், பாபியானிட்சே தீயணைப்புப் படையினுடையது.
வாத்தியக் குழு கலைந்தபின்
பதினோரு வருடம் தண்ணீர்க் குழாய்ச் சுருள்களோடு கிடந்தது.
உள்ளே, அதிர்வை அடக்க யாரோ திணித்த
சீருடைக் கோட்டின் ஒற்றைக் கை.
பித்தளைப் பொத்தான் இரண்டு,
மூன்றாவதற்கு நூல் மட்டும்.

ஸ்னேர் ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டியது.
எடைக்குத்தான் விலை போட்டார்கள்.
நீல டாம் ஒரு பாதிரியார் வீட்டு அலமாரியிலிருந்து;
அங்கே எப்படி வந்ததென்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பச்சை டாமைக் கொடுத்தவர் கொலுஷ்கி செனோன் வியாத்ராக்.
ரயில்நிலைய உணவகத்தில்
இருபத்திரண்டு வருடம், சனிக்கிழமை தவறாமல் அடித்தவர்.
காசை வாங்கி இரண்டு தரம் எண்ணினார்.
பிறகு டாமை ஒரு தரம் தட்டினார், நகத்தால்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
மேல்வரிசையும் கீழ்வரிசையும்
மயிரிழை பிசகினாலும் வாய் மூடாது.
அந்தக் கருவிகளைத்தான் இரவில் கீழே கொண்டுவருகிறேன்:
துருவுக்கு, பல்லிடுக்கு சுரண்டும் கொக்கி.
பித்தளைக்கு, கடைவாய்ப்பல்லுக்குத் தடவும் மெருகுப்பசை.

மரக்கூட்டைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து
உள்ளே விளக்கு வைத்து, அறையை இருட்டாக்கினால்
விளிம்பு எங்கே தாழ்ந்திருக்கிறதோ
அங்கே வெளிச்சம் கசியும்.
அந்த இடத்தைத் தொடக்கூடாது.
மற்ற எல்லாவற்றையும் அதன் மட்டத்துக்குத் தேய்க்க வேண்டும்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு டாம் செலவானது.
இந்த நான்கில் சேராத, ஐந்தாவது ஒன்று.

செவ்வாய் இரவு பச்சை டாமின் காதுகளைக் கழற்றினேன்.
காதென்றால், தோலை இழுத்துப் பிடிக்கும் திருகுகளின் வீடு.
முதல் காது கையோடு வந்தது.
கீழே
நீலம்.

காதின் வடிவிலேயே, ஒரு விரல் அகலத்துக்கு.
இரண்டாவதன் கீழும். ஆறின் கீழும்.
சிகரெட் புகையும் பொரித்த வெங்காயமும் ஜன்னல் வெயிலும்
மேல்பூச்சை மஞ்சளாக்கி
மஞ்சளுக்கு அடியில் நீலம்
பச்சையென்று பேர் வாங்கியிருக்கிறது.

பாதிரியாரின் டாமைப் பக்கத்தில் இழுத்துவைத்தேன்.
அதே நீலம். அதே ஆறு துளை.
மர அடுக்குகள் ஐந்தும் அதே வரிசை.
ஒரே பட்டறையில், ஒருவேளை ஒரே வாரத்தில்.
ஒன்று இருட்டில் இருந்தது.
மற்றது வேலைக்குப் போனது.

செனோனுக்குப் படம் அனுப்பினேன்.
மூன்று நாள் பதிலில்லை.
நாலாம் நாள் தொலைபேசி. வணக்கமெல்லாம் இல்லை.
"அது பச்சை."
காதுக்குக் கீழே நீலம் என்றேன்.
"கழற்றச் சொன்னது யார்?"
பின்னால் ஒரு ரயில் அறிவிப்பு ஓடி முடியும்வரை
இருவரும் காத்திருந்தோம்.
"புதுசாய் வாங்கினேன், பச்சை.
என் பெண்டாட்டி பாட வந்த முதல் சனிக்கிழமை
இதற்குப் பொருந்தத்தான் பாவாடை தைத்தாள்."

அந்தப் பாவாடை இப்போது என்ன நிறமென்று
கேட்க வாயெடுத்தேன்.
வானிலை பற்றி ஏதோ கேட்டு வைத்துவிட்டேன்.

மெருகுப்பசை டப்பா திறந்துதான் இருக்கிறது.
ஒரு ராத்திரி தேய்த்தால் மஞ்சள் போய்விடும்.
நான்கில் ஒரு ஜோடியாவது தேறும்.

ஆறு காதையும் அதனதன் நீலத்தின்மேல் வைத்து
முடுக்கினேன், எதிரெதிராக, கால் சுற்றுக் கால் சுற்றாக.
தோல் முனகியது, பிணங்கியது,
ஒரு வழியாக ஒரே குரலுக்கு வந்தது.

கடைசியில் பாஸ் டிரம்மை மிதித்துப் பார்த்தேன்.
மேல்தட்டில் ஒரு ஜாடி
விளிம்பை நோக்கி அரை விரல் நகர்ந்தது.
கோட்டுக் கையைத் தேடியெடுத்து
மறுபடி உள்ளே வைத்தேன்,
பொத்தான் தோலில் படாதபடி.