ஒற்றைக் கீற்று

மறுபடியும் அந்த விளையாட்டு.
வாழ்நாள் முழுக்கச் சறுக்க ஒரே ஒரு பனிமலைதான் என்றால்
எதைச் சொல்வாய்?
ரோட்ஸ் ஊர் மதுக்கடையில்
கணப்பைப் பார்த்துக் கால் நீட்டிக்கொண்டு
ஆளுக்கொன்று சொன்னார்கள்.
ஜப்பான், என்றார் கேப்டவுன் பல் டாக்டர்,
அங்கே பனி இடுப்புவரை, சலித்த மாவு மாதிரி.
ஆல்ப்ஸ், என்றாள் அவர் மனைவி,
ஒரு நாட்டில் ஏறி இன்னொரு நாட்டில் இறங்கிச் சாப்பிடலாம்.
ஹெண்ட்ரிக் கனடா என்றான். அவன் கனடா போனதில்லை.
பூபாலன், நீ?

இது, என்றேன்.
மேலே இருக்கிறதே, இதுதான்.

அவர்கள் சிரித்து முடிக்க
ஒரு விறகு எரிந்து முடிந்தது.

நியாயமான சிரிப்பு.
பழுப்பு நெற்றியில் ஒரே விரலால் இழுத்த திருநீறு
எங்கள் சரிவு.
மூன்று கோட்டுக்குக் கட்டுப்படியாகவில்லை.
இழுவைக் கம்பியில் மேலே போக ஏழு நிமிடம்,
கீழே வர ஐம்பது விநாடி.
இருபுறமும் காய்ந்த புல், புல்லில் ஆடுகள்,
போர்வை போர்த்திய மேய்ப்பன்
குதிரைமேல் இருந்தபடியே பார்ப்பான்
வளர்ந்த மனிதர்கள் ஏறி, இறங்கி, ஏறுவதை.
ஒருநாள் தெபோஹோவிடம் கேட்டானாம்:
இவர்கள் மேலே எதையாவது மறந்து வைத்துவிட்டு வருகிறார்களா?

நான் டர்பன்காரன்.
துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில்
கம்ப்ரசர் மெக்கானிக்.
நாற்பத்தொன்றாம் வயதில், மூன்று நாள் வேலையென்று
ஒரு பம்பைப் பழுதுபார்க்க வந்தேன்.
பதினாறு குளிர்காலம் ஆகிறது.
அங்கே சின்ன வீடு வைத்திருக்கிறீர்களா,
தேவராணி போனில் கேட்பாள்.
ஆமாம், நல்ல வெள்ளை, கொஞ்சம் ஒல்லி, என்பேன்.

இரவு இரண்டு மணி. மைனஸ் ஆறு.
அணைத் தண்ணீரைப் பீரங்கி வாயால் இருட்டில் ஊதுவேன்.
அதனடியில் நின்று சட்டைக் கையை நீட்டுவேன்.
ஒட்டிக்கொண்டால் இன்னும் தண்ணீர்.
தட்டி உதிர்ந்தால் பனி.
விடியும்போது நேற்றில்லாத ஒரு மலை,
அதில் முதல் தடம் என்னுடையது.
கூலியில் இதைக் கணக்கெழுதுவதில்லை.

என் மொழியில் எல்லாமே பனிதான்.
மார்கழிப் புல்லில் நிற்பதும் பனி,
மலையை மூடுவதும் பனி,
கண்ணுக்கு வந்தாலும் பனித்தது என்போம்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
கரும்புக் காட்டிலிருந்து இதுவரை
நூற்றறுபது வருஷம் ஓட்டியாயிற்று.
ஒரே சரிவை வைத்து ஓட்ட முடியாதா?

மூன்றாவது வளைவில் ஒரு கல் இருக்கிறது.
எத்தனை அடி கொட்டி மூடினாலும்
என் இடது முழங்காலுக்கு அது தெரியும்.
பல் டாக்டர் இடுப்புவரை மாவில் மிதப்பார்,
எதன்மேல் மிதக்கிறார் என்று தெரியாமலே.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சொல்லவில்லை.
முதலாளியின் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது.
அடுத்த வருஷம் திறப்பது சந்தேகம்,
டீசல் விலை, குளிர் போதவில்லை,
பம்புகளை வாங்க ஆள் பார்க்கவும்.
வாழ்நாள் முழுக்க என்கிறீர்களே,
யாருடைய வாழ்நாள்?

செப்டம்பரில் கீற்று நடுவே அறுந்தது.
மேல் துண்டில் சறுக்கினேன்.
கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டு
பதினெட்டுத் தப்படி புல்லில் நடந்தேன்,
பூட்ஸ் சேறாக.
மாட்டிக்கொண்டு கீழ்த் துண்டில் இறங்கினேன்.
மேய்ப்பன் குதிரையை நிறுத்தினான்.
எனக்குப் புரியட்டுமென்று ஜூலு கலந்து
அவனே கேட்டான்:
கிடைத்ததா?

இல்லை என்று தலையாட்டிவிட்டு
இழுவைக் கம்பியைப் பிடித்தேன்.