விண்ணப்பக் கட்டணம் திருப்பித் தரப்படாது

இந்த ஒரு வரியை மட்டும்
தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.
மற்றதெல்லாம் மெல்லிசு:
கிறிஸ்துவை மையமாகக் கொண்ட கல்வி,
நாற்பத்தோரு நாட்டுப் பிள்ளைகள்,
இருபத்தைந்து மீட்டர் நீச்சல்குளம்.

செங்காங்கில் பதினோராவது மாடி.
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் ஆடை படிந்த மீன்குழம்பு.
ஆசீர் துவாஸிலிருந்து வந்து சேரவில்லை.
வருடக் கட்டணத்தை
ரூபாயால் பெருக்கிப் பார்த்தேன்.
பெருக்கவே கூடாதென்று
வந்த முதல் மாதமே எல்லோரும் சொன்னார்கள்.
பெருக்கினேன்.
நாசரேத்தில் ஒரு வீடு கட்டலாம்,
மாடிப்படி இல்லாமல்.

அரசுப் பள்ளிக்குப் பரீட்சை எழுதினாள் எப்சிபா.
இடமில்லை என்று கடிதம் வந்தது,
மிக மரியாதையான கடிதம்.
பாதிச் செலவில் இந்தியப் பள்ளி இருக்கிறதே,
பிறகு ஏன் என்கிறார் ஆசீர்.
எனக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.
தோஹாவில் இரண்டு வருடம், பூசானில் ஒன்றரை.
எப்ஸி, ஹெப்பி, இன்னொருத்தி வாயில் பெப்சி.
இவர்களுக்காவது
அந்தப் பெயர் எந்தப் புத்தகத்தில்
எத்தனாவது அதிகாரத்தில் என்று தெரியும்.
இது ஒரு காரணமா?
இருபது லட்சத்துக்கு?

ஏழாம் பக்கம்.
நீங்கள் இயேசுவை ஏற்றுக்கொண்டது எப்போது?
தேதி, மாதம், வருடம்,
எட்டுச் சின்னக் கட்டங்கள்.
ஏற்றுக்கொண்டேனா?
இன்ஷியலைப் போல
கூடவே வந்தது அது.
தேதிதான் வேண்டுமென்றால்,
இவள் பிறந்த மூன்றாம் நாள்,
நீல வெளிச்சத்தின் அடியில்
கண்ணைக் கட்டிப் போட்டிருந்தார்கள்,
உடம்பெல்லாம் மஞ்சள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
ஒருவரிடம் பேசினேன்,
கொஞ்சம் கோபமாகவே.
நவம்பர் பதினேழு.
அதைப் போட்டேன்.
உங்களுக்கு என்று ஆசீரைப் போனில் கேட்டேன்.
ரயில் இரைச்சலுக்குள்ளிருந்து,
"உன் தேதியையே போடேன்."

இரண்டாம் மொழி:
சீனம், ஸ்பானிஷ், பிரெஞ்சு.
இந்த ஊர்க் காசில் தமிழ் இருக்கிறது.
குழி தோண்டிய இடத்தில்
அபாயம் என்று இருக்கிறது.
ஸ்பானிஷில் டிக் அடித்தேன்.

கடைசிப் பொத்தானை அழுத்துமுன்தான் உறைத்தது,
முழங்காலில் நின்று மேலே அனுப்புவதையும்
விண்ணப்பம் என்றுதான் சொல்கிறோம்.
அதற்குக் கட்டணமில்லை.
வந்து சேர்ந்ததென்று
மின்னஞ்சலும் இல்லை.

வியாழக்கிழமை நேர்காணல்.
உட்லண்ட்ஸ் வரை ரயில், அப்புறம் பஸ்.
திருமதி லிண்ட்குவிஸ்ட்
குனிந்து அவள் உயரத்துக்கு வந்து கேட்டார்,
கடவுளிடம் நீ என்ன கேட்பாய்?
பஸ்ஸில் நான் சொல்லிக்கொடுத்தது
ஏழைகள், சமாதானம், நல்ல புத்தி.
எப்சிபா என்னைப் பார்க்கவில்லை.
"ஒரே பள்ளிக்கூடத்தில்
ரெண்டு பிறந்தநாள்."

கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.
எழுத வைத்திருந்த காகிதத்தில்
ஒன்றும் எழுதவில்லை.
பிறகு என் பக்கம் திரும்பி,
எவ்வளவு காலம் இருப்பீர்கள்?
ஆசீரின் பாஸ்
அடுத்த வருடம் அக்டோபர் ஒன்பதோடு முடிகிறது.
"ரொம்ப நாள்" என்றேன்.
சுவரில் சிலுவை,
அதற்கு நேர் மேலே ஏசி
சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன்.
ஒரு நவம்பர் உள்ளே வருகிறது.
இன்னொன்று
ஐந்து வாரம் தள்ளி நிற்கிறது.

"அந்த ஆன்ட்டி ஏம்மா அழுதாங்க?"
"அழலடி. ஏசி குளிர்."
ஒரே நாளில் இரண்டாவது.
அவள் எழுந்து முன்னால் போனாள்,
அட்டையைத் தட்டி
இறங்கினோம்.