பதினேழாம் பை

நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
பூடோவில் பேருந்து ஓட்டி ஓய்ந்த கை
ஊசிக் காதைத் தேடுகிறது.

சிவப்புத் துணியில் இருபத்துநான்கு குட்டிப் பைகள்,
கிறிஸ்துமஸ் வரைக்கும் நாளுக்கொன்று.
வெள்ளை நூலில் எண்கள்.
எட்டுக்கு மட்டும் தொந்தி விழுந்துவிட்டது.
இருக்கட்டும்.

டிசம்பரில் பேத்தி சுன்னிவா
தினம் ஒரு பையாகக் கைவிட்டுத் துழாவினாள்:
உலர்திராட்சை, நீலப் பொத்தான்,
பாதாம் மாவில் ஒரு பன்றி.

பதினேழில் விரல் நுழையவில்லை.
நாலு பக்கமும் தைத்துத் தொலைத்திருக்கிறேன்.
உள்ளே ஒன்றுமில்லை, கண்ணு.
கத்தரியை எடுத்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
பைமேல் காதை வைத்தாள்,
வெகுநேரம்.

"தூங்குது."

இந்த வருஷம் அவள் தம்பி ஐலிஃபுக்கு.
பதினேழு வந்ததும்
கதவைப் பார்த்துக்கொள்கிறேன்,
யாரும் இல்லை,
வாயை மூடித் தைக்கிறேன்.