ஐந்தாம் நாற்காலி

ஜெலுத்தோங் மண்டபத்தில் அன்று
இடக்கோடி விளக்கு எரியவில்லை.
ஏணியோடு ஒருவன் வந்தான், அண்ணாந்து பார்த்தான்,
ஏணியோடு போய்விட்டான்.
எழுபத்தைந்து கிலோப் பிரிவு
அப்படியே தொடங்கியது.

ஏழு நடுவர்கள். எனக்கு ஐந்தாம் நாற்காலி.
மூன்றாமவரின் ஜிம்மில்தான்
ஒன்பதாம் எண் எடை தூக்குகிறான்.
அவர் அதை மறைக்கவும் இல்லை.
இடைவேளையில்
அவித்த கடலைப் பொட்டலத்தை வரிசையாக நீட்டிக்கொண்டே வந்தார்:
"நம்ம பையன். நல்லாப் பாருங்க."
கடலையை நானும் தின்றேன்.

பதினான்கு நின்றது விளக்கில்லாத பக்கம்.
முதுகைத் திருப்பினான்.
அந்த மங்கலிலும்
வரவேட்டில் பெயர் கூப்பிடக் கூப்பிட
எழுந்து நிற்கும் பிள்ளைகளாய்
ஒவ்வொரு தசையும் எழுந்தது.
பூசிய செந்நிறம் வேர்வையில் கரைந்து
கணுக்காலில் தேநீர்க் கறையாய் இறங்கியது.

இருவரையும் இடம் மாற்றி நிறுத்துங்கள் என்றேன்.
தலைமை நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஏழு மணிக்கு அங்கே கல்யாண விருந்து;
நாற்காலிகளுக்கு உறை மாட்ட
ஆட்கள் வாசலில் நின்றார்கள்.

எங்கள் கணக்கில் சிறிய எண்ணே பெரியது.
எழுதினேன்:
பதினான்குக்கு ஒன்று.
ஒன்பதுக்கு நான்கு.

விதி நல்ல விதிதான்.
ஓரவஞ்சனை நுழையாதிருக்க
ஓரங்களை வெட்டிவிடுவார்கள்:
மேலே இரண்டு, கீழே இரண்டு.
நடுவில் மிஞ்சுவதே நடுவுநிலை.
ஒன்பதுக்கு விழுந்த ஒன்றுகளில் இரண்டை அடித்தார்கள்,
பின்னால் இன்னும் மூன்று இருந்தன.
என் நான்கின் மேல்
கணக்குப் போடும் பெண்
அளவுகோல் வைத்துச் சிவப்புக் கோடு இழுத்தாள்,
கொஞ்சமும் கோணாமல்.

யாரோ கூச்சல் போட்டார்கள். ஒரு தண்ணீர் போத்தல்
மேடைவரை வந்து விழுந்தது.
கோப்பை ஒன்பதின் கையில்.

இரவு பெர்ரியில் ஏறும்போதுதான் யோசித்தேன்:
ஒன்பது நான்காம் ஆள் இல்லை.
மனமறியச் சொன்னால் இரண்டாம் ஆள்.
அந்த நான்கை
அவன் தொடைக்குக் கொடுத்தேனா,
கடலைக்குக் கொடுத்தேனா?

மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவே பதினான்கு நின்றான்.
கழுத்தில் இன்னும் போகாத செந்நிறம்,
ராகாவில் இரண்டாம் பரிசு,
கையில் பாதி தின்ற ரொட்டி.
என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தான்.
பெயர் லோகேந்திரனாம். பிறையில் லோரி ஓட்டுகிறானாம்.
"அண்ணே, எங்க குறைஞ்சது?"

விளக்கு என்று சொல்லியிருக்கலாம்.
கடலை என்று சொல்லியிருக்கலாம்.
அவ்வளவு நம்பிக்கையாய் நின்ற முகத்திடம்
"கெண்டைக்கால்" என்றேன்.
"கொஞ்சம்தான்."

குனிந்து பார்த்தான். தலையசைத்தான்.
ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்தான்.
பட்டர்வொர்த் வரும்வரை
கம்பியைப் பிடித்தபடி
குதிகாலை உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக
எண்ணிக்கொண்டிருந்தான்,
வாய்க்குள்ளே,
எனக்குக் கேட்கும்படி.