கொசுவுக்குக் காய்ச்சல் வருவதில்லை

நாலு மணிக்குக் கொசு அதிகாரி வந்தார்.
புளோக்கின் கீழே சிவப்புப் பதாகை கட்டி ஒன்பது நாள்.
டார்ச் அடித்துப் பூத்தொட்டித் தட்டுகளைத் தூக்கினார்,
துணிக்கம்பு சொருகும் குழாய்க்குள் பார்த்தார்,
வாளியைக் கவிழ்த்தார்,
"ஓகே, மேடம்."

இரவு பதினொன்று.
அண்ணன் விட்டுப்போன மடிக்கணினி,
அவனே லினக்ஸ் போட்டுத் தந்தது.
"இதுக்கு வைரஸே வராது" என்றவன்
இப்போது பெர்த்தில் இருக்கிறான்.
வராது என்று சொல்பவர்கள்
எங்காவது போய்விடுகிறார்கள்.

சோதனையை ஓடவிட்டுத் துணி மடிக்கிறேன்.
கறுப்புத் திரையில் வரிகள் ஏறுகின்றன,
யீஷூன் நிலைய மின்படியில்
காலை ஏழரைக் கூட்டம் மாதிரி,
முகம் பார்ப்பதற்குள்.

எச்சரிக்கை: மறைந்திருக்கும் கோப்பு.
அது அங்கே இருக்க வேண்டியதுதான்,
போன மாதமே விசாரித்துவிட்டேன்.
எச்சரிக்கை: நான் எழுதிய பத்து வரி நிரல்,
படங்களை நகலெடுக்க.
எல்லா அறைக்குள்ளும் போய்வருகிறதாம்.
போகாமல்?

பிறகு ஒன்று, எச்சரிக்கை இல்லை,
"கண்டறியப்பட்டது."
பழைய அஞ்சல் பெட்டியின் அடியில்
எட்டு வருஷத்துக்கு முந்தைய 'விலைப்பட்டியல்'.
விண்டோஸுக்கென்று செய்த விஷம்;
இங்கே அதற்குத் தண்ணீர் இல்லை.
முட்டையாகவே கிடந்திருக்கிறது.

சிரித்துக்கொண்டே அழிக்கப் போனவள்
ஏனோ 'அனுப்பியவை'யைத் திறந்தேன்.

அதே நாள். மதியம் 12.52.
கைப்பேசியிலிருந்து, சாப்பாட்டுக்கடை வரிசையில் நின்றபடி,
கணக்குப் பிரிவு நாச்சம்மைக்கு:
"ப்ளீஸ் செக்."
என் கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரம் துவாஸ் அலுவலகத்தில்
மூன்று நாள் எந்தத் திரையும் விழிக்கவில்லை.
பயிற்சிக்கு வந்த பையன்
ஏதோ பென் டிரைவ் செருகினான் என்றார்கள்.
நானும்தான் சொன்னேன்,
கோப்பி கலக்கிக்கொண்டே.
வெள்ளிக்கிழமை அவன் நாற்காலியில்
பிரிண்டர் தாள் அடுக்கியிருந்தது.

அழித்தேன். மறுபடி ஓடவிட்டேன்.
பாதிக்கப்பட்டவை: பூஜ்யம்.

சமையலறைக்குப் போய்
பாத்திரம் வடியும் தட்டைத் தூக்கினேன்.
அதிகாரி பார்க்காத இடம்.
விரல் நனையும் அளவு தண்ணீர்.
கொட்டினேன், துடைத்தேன்,
ஈரத்துணியோடு நிற்கிறேன்.

ஹ-வில் தொடங்கும் பெயர்.
ஹனீஸ். இல்லை, ஹர்யானோ.
இடது கையால் எழுதுவான்.