தப்பினது

நரி வத்தகப்பழம் தின்னும் என்றால்
கச்சேரியில் ஒருவரும் நம்பவில்லை.
கடித்த காய்களை உரப்பையில் கொண்டுபோய்
மேசையில் வைத்த பிறகுதான்
விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது.

ஒற்றைக்குழல், பன்னிரண்டு போர், பழசு.
பிடங்கு எனக்கு நீளம்.
குமணன் வாளால் அரை அங்குலம் அறுத்து,
சைக்கிள் ரியூப்பை மூன்று சுற்றுச் சுற்றித் தந்தான்.
"நல்லா உதைக்கும் அக்கா, வலத்தோளில வையுங்கோ."
இடத்தோளில் வைத்தேன்.
குழலுக்குக் கீழே ரோச் லைற்,
அதன் வாயில் கிழிந்த சிவப்புச் சட்டைத் துண்டு.
வெள்ளை வெளிச்சத்துக்கு நரி நிற்காதாம்.

தோட்டாவில்தான் இழுபட்டோம்.
பன்றிக்கு வாங்கின எஸ்.ஜி. மிச்சம் இருக்கு என்றான்.
ஒன்றுக்குள் ஒன்பது குண்டு,
ஒன்று பட்டாலே நரி விழும்.
"மற்ற எட்டும்?"
"அது தப்பினது. போகும்."
"எங்க?"
அவன் கைவீசிக் காட்டின பக்கத்தில்
வரம்பு, ஒரு பாலைமரம்,
முத்தையன்கட்டு வீட்டுத்திட்டத்து வீடுகள் பதினொன்று.
ஒன்றில் லைற் எரிந்தது.
சோதனைக்குப் படிக்கிற பிள்ளையாக்கும்.

என் வலத்தோளுக்குள் ஒன்று கிடக்கு,
பயறு அளவு.
எடுத்தால் கை தூக்கேலாது என்று
டொக்டர் அப்படியே விட்டுவிட்டார்.
மழை வரப்போவது எனக்கு முதல் அதற்குத் தெரியும்.
சுட்டவன் என்னைக் கண்டதில்லை.
வேறெதற்கோ குறிவைத்திருப்பான்.
அதுவும் தப்பினதுதான்.

நாலாம் நம்பர் வாங்கினோம்.
மிளகிலும் சின்னன்.
முப்பது யாருக்கு அங்கால்
நரிக்கு அது மண் எறிந்த மாதிரி.
கொட்டிலையும் பிடுங்கி மாற்றினேன்:
முதுகு வீடுகளுக்கு, முகம் குளக்கட்டுக்கு.
குமணன் தலையில் கைவைத்தான்.
"இனி அது மடியில வந்து இருந்தால்தான் சுடலாம்."

பதின்மூன்று இரவு ஒன்றுமில்லை,
நுளம்பும் ஆட்காட்டியும்தான்.
நேற்று வந்தது.
நாற்பது யாரில் நின்று காற்றை மோந்தது.
பிறகு இருந்து,
ஆறுதலாக ஒரு காயை உடைத்தது.
அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.
சிவப்பு வெளிச்சத்தில் மூஞ்சி முழுக்க விதை.
விரல் விசையில் இருந்தது.
பத்து யார்.
நான் எழும்பி நடந்தால் அது ஓடும்.
அது தின்று முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிய வந்த குமணன்
கோதுகளைக் காலால் தட்டிப் பார்த்தான்.
"எஸ்.ஜி. எண்டால் விழுந்திருக்கும்."
"ஓம்," என்றேன், "விழுந்திருக்கும்."

கொப்பியில் எழுதினேன்:
காய் நாலு நட்டம்.
தோட்டா செலவில்லை.